கேமராவுக்கு எட்டாத மூலை

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது முதலில் அவள் காதில் விழுந்தது. கூடத்தில் யாரோ விரல்களுக்குச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து சோம்பல் முறிக்கிறவர்கள் எடுப்பார்களே, ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல், மடக், மடக் என்று, அப்படி. நாத்தனார்தான் என்று நினைத்துக்கொண்டு, "கை ஒடிஞ்சு விழுந்துடப் போகுதுடி" என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். குழாய்த் தண்ணீரின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. பத்து விரலும் முடிந்திருக்கும். அதற்கப்புறமும் நிற்கவில்லை. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மடக். மடக். ஒரு மனுஷிக்கு எத்தனை விரல்தான் இருக்கும்?

அப்போது வாசல் கேட் கிறீச்சிட்டது. நனைந்த குடையை உதறிக்கொண்டு நாத்தனார் வெளியிலிருந்து உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

கூடத்தில் யாரும் இல்லை. நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே ஒரு வாடை, அது மட்டும் லேசாக இருந்தது.

அந்த வீட்டில் அவள், நாத்தனார், மகள் சிட்டு என்று மூன்றே பேர். கணவனுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அதுவரை மூன்று வயது சிட்டுவைப் பார்த்துக்கொள்வது, வீட்டிலிருந்தே தபாலில் படித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் பொறுப்பு. சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மழை ஈரத்துக்கு ஜன்னல் கட்டையெல்லாம் நெளியுது அண்ணி. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க?"

சரி, கட்டைதான் என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்த வாரமே சிட்டுவின் சுண்டுவிரல் வீங்கியது. கணுவைச் சுற்றிச் சிவந்து, தொட்டாலே குழந்தை வீறிட்டது. கதவு இடுக்கில் நசுங்கியிருந்தால் நகம் கறுத்திருக்கும், தோல் வழன்றிருக்கும். இது அப்படி இல்லை. யாரோ விரலைப் பிடித்து இழுத்த வீக்கம்.

"கூடத்துல தனியா விளையாடிக்கிட்டு இருந்தா அண்ணி. திடீர்னு கத்தினா. நான் அடுப்படியில இருந்தேன்" என்றாள் நாத்தனார்.

அன்று ராத்திரி அவள் மனசில் ஒரு கேவலமான எண்ணம் தலைதூக்கியது. வேலியே பயிரை மேய்கிறதோ? கூடப் பிறந்தவள் மாதிரி பழகுகிறவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணம் போகவில்லை. போனில் கணவனிடம் பாதியைத்தான் சொன்னாள். அவனுக்குப் பாதியே போதுமாக இருந்தது. "ஒரு கேமராவை வாங்கிப் போடு. ஆள் இருந்தா மாட்டிக்கிடட்டும், இல்லைன்னா உன் மனசு அடங்கட்டும்" என்றான்.

கேமராக்காரர் கலகலப்பான மனிதர். கடை முழுக்கச் சின்னதும் பெரிதுமாகக் கண்ணாடிக் கண்கள், எல்லாமே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"கேமரா எடுக்கறது மாப்பிள்ளை பாக்கற மாதிரிம்மா. வெளிச்சத்துல எல்லாருமே லட்சணமாத்தான் இருப்பாங்க. இருட்டுல எப்படின்னு கேட்டுக்கணும்" என்று சிரித்தார். "வைஃபைல ஓடறது மாட்டறதுக்கு சுலபம். ஆனா நெட் படுத்தா அதுவும் கூடவே படுத்துக்கும்."

"கேபிளே போடுங்கண்ணா."

"இது பாருங்க, தானாவே கழுத்தைத் திருப்பித் திருப்பி ரூம் முழுக்கப் பாக்கும். ஒண்ணு போதும்."

"இது இந்தப் பக்கம் திரும்பறப்போ, அந்தப் பக்கத்தை யாரு பாக்கறது?"

அவர் அந்தக் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தார். "அப்போ அசையாதது. அகலமாப் பாக்கறது. இருட்டுலயும் பாக்கறது. ஆனா ஒண்ணும்மா, படுக்கை ரூம்ல மட்டும் நான் மாட்ட மாட்டேன். நெட்ல தொங்கற எந்தக் கேமராவையும் எவனாவது எங்கேயோ உக்காந்துக்கிட்டு எட்டிப் பாக்க வழி இருக்கு. அது எதுக்கு நமக்கு?"

தன் குழந்தை தூங்குவதை ஊர் பார்க்க வேண்டுமா என்ன? அவளும் மனசார ஒத்துக்கொண்டாள்.

முதலில் வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று. மாட்டி முடித்ததும் நடந்து பார்ப்பது கேமராக்காரரின் வழக்கம். அவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார், வீட்டுக்காரர் மூலை மூலையாகப் போய் நிற்க வேண்டும். "தெரியுதா?" "தெரியுது." "இங்கே?" "தலை மட்டும் தெரியுது, இருங்க, திருப்பறேன்." ஒளிய இடமே இல்லாதபடி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

நாத்தனார் எல்லாவற்றையும் வாசற்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு மெதுவாகக் கேட்டாள், "இது என்னைப் பாக்கறதுக்கா அண்ணி?"

"சீ, பைத்தியம். திருட்டு பயம்டி" என்று சொன்னபோது அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வேலைக்கு நடுவே கிடைத்த நேரமெல்லாம் போனைத் திறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். நாத்தனார் குழந்தைக்கு ஊட்டினாள். முதுகில் ஏற்றிக்கொண்டு யானையானாள். சிட்டு தூங்கியதும் அவளைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்குப் போய் விட்டுவிட்டு வந்து புத்தகத்தை விரித்தாள். வேறு ஒன்றுமே இல்லை. இவளையா சந்தேகப்பட்டோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கூடத்தில் அந்தச் சத்தமும் அடியோடு நின்றுபோயிருந்தது. சிட்டுவின் விரல் வீக்கம் வடிந்தது.

சத்தம் நடைக்குப் போயிருந்தது.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான நடை அது. சாயங்காலம் விளக்கைப் போடக் கையை நீட்டினாள். காதோரத்தில் மடக். இந்தத் தடவை நாத்தனாரும் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் கேட்டது. சிரிப்பு எங்கேயோ போய்விட, அண்ணியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டைதானே அண்ணி?"

"ஆமாண்டி. கட்டைதான்."

நடைக்கும் அடுப்படிக்கும் கேமரா வந்தது. அவை கண் திறந்த நிமிஷத்திலிருந்து அங்கேயும் அமைதி. சத்தம் பின்கட்டுச் சாமான் அறைக்குள்ளிருந்து வந்தது. அப்போதுதான் அவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டது. பார்க்கிற இடத்தில் அதனால் இருக்க முடியவில்லை. கண் பட்டால் ஓடுகிறது. அவளுக்குப் பயத்தோடு பயமாக ஒரு வீராப்பு வந்தது. என் குழந்தையின் விரலையா இழுத்தாய்? இரு, உன்னை ஓட ஓட விரட்டுகிறேன்.

சாமான் அறைக்கும் பின்வாசலுக்கும் கேமரா போடுவதற்காகக் கேமராக்காரர் மறுபடி வந்த மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வானம் இருண்டு, வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அவள் லீவு போட்டிருந்தாள். பீரோக் கதவுகளையெல்லாம் விரியத் திறந்து வைத்தாள். குளியலறைக் கதவைக் கழற்றவே சொல்லிவிட்டாள். நடைக் கேமராவுக்கு அதன் உள்மூலை வரை தெரிந்தது. சாமான் அறையில் இருந்த பெட்டிகளின் மூடிகளை எடுத்தாள், சுருட்டி வைத்திருந்த பாய்களைப் பிரித்துப் போட்டாள்.

"என்னம்மா, மூட்டைப்பூச்சியா?" என்றார் அவர், ஏணியிலிருந்தபடியே.

"அதுமாதிரிதான்."

முடிந்ததும் வழக்கம்போல நடந்து பார்த்தார்கள். கூடத்தில் திரைக்கு முன்னால் அவர், அவருக்குப் பின்னால் நாத்தனார். அவள் வாசலில் தொடங்கி ஒவ்வொரு மூலையிலும் நின்றாள். தெரியுது. தெரியுது. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தெரியுதும்மா. சாமான் அறையின் கடைசி மூலையில், நேற்று வரை அந்தச் சத்தம் வந்த இடத்தில், சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். அங்கே அந்த வாடைகூட இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று உடம்பெல்லாம் லேசானது.

"பிரமாதம்!" கேமராக்காரரின் குரல் வீடெல்லாம் கேட்டது. "எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். அந்தப் படுக்கை ரூம் ஒண்ணுதான் பாக்கி. மத்தபடி இந்த வீட்டுல மறைவே கிடையாது."

அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

சிட்டு அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அவளே தட்டித் தூங்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். கூடத்திலிருந்து நடைக்கு. நடையிலிருந்து சாமான் அறைக்கு. அங்கிருந்து எங்கே போகும்? போக எங்கே இடம் விட்டாள்?

ஓடினாள். நாத்தனாரை இடித்துக்கொண்டு ஓடினாள். கதவுக்கு அந்தப் பக்கம், மழைச் சத்தத்துக்கு அடியில், மெதுவாக, நிதானமாக. மடக். மடக்.

கதவைத் தள்ளினாள். அந்த வாடை முகத்தில் அடித்தது. கட்டிலில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வலது கையைச் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையிலிருந்த சந்துக்குள் தோள் வரை நீட்டியிருந்தாள்.

வாரி எடுத்தாள். குழந்தையின் கை சந்திலிருந்து உடனே வரவில்லை. ஒரு கணம் அந்தப் பக்கமும் இழுத்தது. பிறகு விட்டது.

"அண்ணா! இங்கேயும் மாட்டுங்க! இப்பவே!"

"அம்மா, படுக்கை ரூம்ல..."

"காலைப் பிடிச்சுக் கேக்கறேண்ணா, மாட்டுங்க!"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பையில் மீதியிருந்த ஒரு கேமராவை எடுத்தார். நாத்தனார் அழுதுகொண்டே அவரோடு சேர்ந்து கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தாள், மெத்தையைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். ஏணியில் ஏறும்போது அவர் மூலைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருந்தது. அவள் கூடத்தின் நடுவில், விளக்குக்கு நேர் கீழே, குழந்தையைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு திருகாணியாக ஏறியது. சத்தம் அந்த அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வேகமாக. நிதானமெல்லாம் போய்விட்டிருந்தது.

"வந்துடுச்சு!" என்று நாத்தனார் திரையைப் பார்த்துக் கத்தினாள். "படம் வந்துடுச்சு அண்ணி! ரூம் முழுக்கத் தெரியுது!"

சத்தம் நின்றது.

மழை மட்டும். நான்கு பேரின் மூச்சு மட்டும்.

பிறகு, போர்வைக்குள்ளிருந்து, அவளுக்கும் குழந்தைக்கும் நடுவிலிருந்து.

மடக்.

அலறிக்கொண்டு போர்வையைப் பிய்த்து எறிந்தாள். உதறினாள். அதில் ஒன்றுமில்லை. சிட்டுவின் சட்டையை உயர்த்திப் பார்த்தாள், முதுகைத் தடவினாள், மூடியிருந்த பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். வெளிச்சம். எங்கும் வெளிச்சம். குழந்தை வாய் திறவாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ தொண்டையில் மாட்டிக்கொண்டதுபோல் ஒரு முறை விழுங்கியது.

"ஒண்ணுமில்லை அண்ணி, ஒண்ணுமே இல்லை, எல்லாம் தெரியுது" என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் மண்டியிட்டாள். குழந்தையின் நெஞ்சில் காதை வைத்தாள். இதயம் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அவசரமில்லாமல். ஒவ்வொன்றாக.

"அணைங்க!" குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "கேமரா எல்லாத்தையும் அணைங்க! விளக்கையும் அணைங்க! அதுக்கு இடம் விடுங்க!"

கேமராக்காரர் ஓடிப்போய் மெயினையே இறக்கினார். திரை செத்தது. கூடம், நடை, அடுப்படி, சாமான் அறை எல்லாம் மழை இருட்டில் மூழ்கின. வீடு முழுவதும் மறைவிடமாகத் திறந்து கிடந்தது. அவள் கதவுகளைப் பார்த்தாள். "போயிடு. வீட்டையே எடுத்துக்கோ. நாங்க போயிடறோம்" என்று கெஞ்சினாள். எந்த மூலையிலிருந்தாவது ஒரு சத்தம் வராதா என்று காத்திருந்தாள்.

கூடத்தில் சத்தமில்லை. நடையில் இல்லை. சாமான் அறையில் இல்லை.

ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில், உயர்த்திய சட்டைக்குக் கீழே, சிட்டுவின் வயிற்றுத் தோல் ஓரிடத்தில் மெல்ல மேடிட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு மேடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. உள்ளேயிருந்து விரல்கள் வரிசையாக நீண்டு, சௌகரியமாகச் சோம்பல் முறித்துவிட்டு, மறுபடி மடங்கிக்கொண்டன.