அடிமதகுத் தண்ணீர்

தம்ளரைச் சாய்த்தபோது தண்ணீர் உடனே சாயவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, எண்ணெய் போலப் பின்னால் வந்தது. மறுபடி சாய்த்துப் பார்த்தார்; இந்தமுறை ஒழுங்காகத்தான் சாய்ந்தது. குடிநீர் வாரியத்தின் தலைமை வேதியியலர் தன் வீட்டுத் தண்ணீரையே சந்தேகிப்பதாவது! கண் கோளாறு என்று முடிவு செய்து குடித்துவிட்டார். நாக்கில் மட்டும், துருப்பிடித்த சாவியை நக்கியதுபோல ஒரு ருசி வெகுநேரம் நின்றது.

அலுவலகத்தில் அவருக்கு ‘இளநீர்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். நீர்த்தேக்கத்தின் மேல்கரையில் பேட்டரி ஆலையும் முலாம் பூசும் பட்டறைகளும் கழிவை விடுவதாகச் செய்தி கிளம்பியபோது, கேமராக்களின் முன் ஒரு மடக்குக் குடித்து, இளநீர் மாதிரி இருக்கிறது என்று அறிவித்தவர் அவர். பக்கத்தில் இருந்த வாரியத் தலைவர் பலமாகக் கைதட்டினார். கைதட்டிய களைப்பில், கடையில் வாங்கிய பாட்டிலின் சீலைப் பிரித்துக் குடித்தார். அடியில் படிந்திருக்கும் வண்டலைச் சோதித்தீர்களா என்று ஒரு பெண் நிருபர் கேட்டாள்.

“சேத்தை யாரும்மா குடிக்கப்போறாங்க?” என்றார் இளநீர்.

அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் பதவி உயர்வு வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அணைக்கரையில் இந்தக் குவார்ட்டர்ஸும் வந்தது.

ஊரில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. இங்கே குழாய்கள் ஓய்ந்ததே இல்லை. இந்தக் கோடையில் அணையின் நீர்மட்டம் இறங்க இறங்க, சுவருக்குள் ஓடும் குழாய் தொண்டையைச் செருமத் தொடங்கியது. ஏதோ சொல்ல வந்து, சபையில் ஆட்கள் இருப்பதைப் பார்த்து விழுங்கிக்கொள்பவர் போல. பக்கெட்டின் அடியில் முகப்பவுடர் போல ஒரு சாம்பல் படலம் தங்கியது. விரலால் தொட்டால் ரேகைக்குள் புகுந்துகொண்டு, எத்தனை சோப்புப் போட்டாலும் வெளியே வர மறுத்தது. குளியலறையில் ஈரமண்ணும் தீய்ந்த கம்பியும் கலந்த வாசனை, ஜன்னலைத் திறந்தால் போகாமல் இன்னும் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தது.

நாலு வயது மகள் வயிறு வலிக்கிறது என்றாள். ஓடும்போது காரணமில்லாமல் விழுந்தாள். தெரிந்த வார்த்தைகளைத் தேட ஆரம்பித்தாள். ஒருநாள் அவர் முகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் ‘அப்பா’ என்றாள். டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார். ஊர்த் தண்ணீருக்கெல்லாம் சர்டிபிகேட் தருகிற மனுஷர் வீட்டுத் தண்ணீரை ஒருநாள் பார்த்தால் குறைந்தா போவார் என்று மனைவி கேட்டாள். படித்தவள் பேசுகிற பேச்சா என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் குழந்தையைப் பிடித்துவந்து மேலுதட்டை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

ஈறும் பல்லும் சேரும் இடத்தில், மை தொட்டு இழுத்ததுபோல ஒரு கருநீலக் கோடு.

அது உடம்பில் ஏறிய ஈயம் போடும் கையெழுத்து என்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை, யாருமில்லாத பரிசோதனைக் கூடத்தில், வீட்டுத் தண்ணீரை அவரே இயந்திரத்தில் வைத்தார். காட்டிய அளவை நம்பாமல் இயந்திரத்தைத் திட்டினார், கழுவினார், மறுபடி வைத்தார். இயந்திரத்துக்குப் பதவி உயர்வு தேவையில்லை, சொன்னதையே சொன்னது. பக்கத்து வீட்டு அணைப் பொறியாளருக்குப் போன் செய்து, நம் லைன் எங்கிருந்து வருகிறது என்று பட்டும் படாமல் கேட்டார். பொறியாளருக்குப் பெருமை தாங்கவில்லை.

“மேல இருந்து எடுத்தா மோட்டார் வேணும் சார். நமக்கு அணைக்கு அடியில, அடிமதகுல இருந்து நேர் லைன். நம்ம ஆளுங்களுக்குன்னு நானே கூட நின்னு போட்டது.”

போனுக்குள், பின்னால் எங்கோ, பொறியாளரின் இரட்டைப் பிள்ளைகள் தண்ணீரில் கும்மாளம் போடும் சத்தம் கேட்டது. இளநீர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், வண்டலை ஏன் சோதிக்கவில்லை என்பார்கள். ஊருக்குப் போகும் மேல் குழாயின் வாய்க்கும் சேற்றுக்கும் இடையே இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பார்கள். அதெல்லாம் நிதானமாக, உரிய வழியில். முதலில் தன் வீட்டு வால்வை மூட வேண்டும், கேன் தண்ணீர் வாங்க வேண்டும். மகளை விடிந்ததும் வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். உள்ளூர் என்றால் முகம் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. சர்வீஸில் பழுத்தவர், அவ்வளவுதான்.

இருட்டத் தொடங்கும் நேரம். முற்றத்து மூடியைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து, வால்வின் சக்கரத்தைத் திருகினார். பாதியில் சக்கரம் முரண்டு பிடித்தது. அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருப்பதுபோல இருந்தது. பல்லைக் கடித்துத் திருகினார். மண்ணுக்கடியில் ஏதோ ஒன்று நீளமாக, சாவகாசமாக, வீட்டை நோக்கி உருண்டுபோகும் ஓசை. பிறகு ஓய்ந்தது.

சமையலறைக் குழாயைத் திறந்தார். இரண்டு சொட்டு. அப்புறம் காற்று. அப்புறம் அதுவும் இல்லை.

செருமல் நின்றுவிட்டது. இந்த வீட்டில் இப்படியொரு நிசப்தத்தை அவர் கேட்டதில்லை. நெஞ்சு லேசாகி, ஒரு காபி குடித்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஒழுகும் சத்தம். தண்ணீருடையதைவிடத் தடித்தது.

குளியலறைக்குப் போனார். குழாய் காய்ந்திருந்தது. பின்கட்டு. அங்கேயும் இல்லை. சுவரில் காதை வைத்தார். ஒன்றுமில்லை.

சத்தம் நிற்கவில்லை.

மகளின் அறை. கதவிடுக்கில் வெளிச்சம். அந்த வாசனை.

தள்ளினார்.

மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மகளின் மோவாய்க்குக் கீழே பக்கெட்டைப் பிடித்திருந்தாள். குழந்தை குமட்டவில்லை. திணறவில்லை. வாய் சும்மா திறந்திருந்தது. சாம்பல் நிறத்தில் சேறு, நூல்போல, அறுபடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலருகே இன்னும் இரண்டு பக்கெட்டுகள். இரண்டும் விளிம்புவரை.

“மூடிட்டேன்,” என்றார். “வால்வை மூடிட்டேன்.”

“தெரியும்.” அவள் திரும்பவில்லை. “நீங்க மூடினப்பதாங்க இவளுக்கு வர ஆரம்பிச்சுது.”

மகள் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். கண்கள் விரியத் திறந்திருந்தன. இரண்டிலும், கீழ்ப்பாதி வரை, வண்டல் படிந்திருந்தது. தலை அசைந்ததும் அது கலங்கி எழுந்து, கருமணியை மூடி, மெல்லச் சுழன்று, மறுபடி அடியில் இறங்கத் தொடங்கியது.