மொப்பானித் தழை

வேட்டை முகாம் நடத்தும் ரைனர், கூடூ மானின் தலை, கழுத்துத் தோலை ஒட்டிலி கவானாஸின் மேஜைமேல் போட்டார். வலது பக்கத்தைத் தொட்டதுமே கொத்தாக முடி வந்தது.

"பாருங்க ஒட்டிலியம்மா! விருந்தாளி இதைப் பாடம் பண்ணி ஊருக்குக் கொண்டுபோகணும்னு ஆசையா இருக்கார். தோலுரிக்கிற சிமெயோன் ஒழுங்கா உப்பு போடலை. இன்னியோட அவரை நிறுத்திடறேன். நீங்க கையெழுத்துப் போடணும்."

ஒட்டிலி காவல்துறையில் முப்பது வருடம் இருந்தவர். இப்போது அந்த வட்டாரத்து வனக் குழுவின் தலைவி. முகாமின் உள்ளூர் ஆட்களை அவரது கையெழுத்து இல்லாமல் நீக்க முடியாது.

"முதல்ல கொட்டகையைப் பார்க்கிறேன்" என்றார்.

ரைனர் பின்தொடர, வனக் காவலர் கவெசேரி கூடவே ஓடினார். தோலுரிக்கும் கொட்டகையில் சிமெயோன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"தாத்தா ஆயிட்டீங்களாமே அண்ணே! மூணு நாளாச்சு, இனிப்பு எங்கே?" என்றார் கவெசேரி.

சிமெயோன் சிரித்தார். அந்தச் சிரிப்பு சட்டென்று அணைந்தது. "தப்பு என்னோடதுதான்க்கா. கையெழுத்துப் போட்டுடுங்க."

ஒட்டிலி கொண்டுவந்த தோலை விரித்து, காதுகளைத் திருப்பிப் பார்த்தார். இமை, உதடு எல்லாவற்றையும் விரலால் அழுத்தினார். பிடரி மயிரில் ஒட்டியிருந்த நசுங்கிய மொப்பானி மரத்து இலைகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வொரு மிருகமும் கொட்டகைக்கு வந்த நேரம் சிமெயோனின் உருண்டை எழுத்தில் இருந்தது. இந்தக் கூடூவுக்கு மட்டும் அந்தக் கட்டம் காலி.

"உப்பு மட்டமா இருக்குமோ?" கவெசேரி ஆவலாகக் கேட்டார்.

"உப்பு சரியில்லேன்னா முதல்ல காதும் உதடும்தான் கெடும். இங்கே ரெண்டும் அருமையா இருக்கு. வலது பக்கம் மட்டும் போயிருக்கு. அந்தப் பக்கம் சூட்டுத் தரையில ரொம்ப நேரம் கிடந்திருக்கு."

"மூணு நாளைக்கு முன்னாடி, காலையில ஏழு மணிக்குச் சுட்டது. நானும் விருந்தாளியும் வேற வண்டியில முன்னாடி வந்துட்டோம். ஹென்ரிக் உடனே ஏத்திக்கிட்டு வந்ததாச் சொன்னான்" என்றார் ரைனர்.

அப்போதுதான் வழிகாட்டி ஹென்ரிக் அன்று விடியலில் கிளம்பிய வேட்டையிலிருந்து திரும்பி, வண்டியை விட்டு இறங்கினார். ஒட்டிலி இலைகளை அவரிடம் நீட்டினார்.

"தம்பி, கழுகு கொத்தாம இருக்கத் தழை போட்டு மூடியிருக்கே. கூடவே கொண்டுவர்ற மிருகத்தை யாரும் மூட மாட்டாங்க. விட்டுட்டுப் போறதைத்தான் மூடுவாங்க. எங்கே போனே?"

ஹென்ரிக்கின் பார்வை சிமெயோன் பக்கம் போனது. ஒட்டிலியே தொடர்ந்தார்:

"அதே நாள்தான் சிமெயோனோட மகள் லூசியாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். அவங்க குடியிருப்புல இருக்கிறது கழுதை வண்டிதான்."

"அக்கா, விட்டுடுங்க" என்று சிமெயோன் கெஞ்சினார். "முகாம் வண்டியைச் சொந்த வேலைக்கு எடுத்தா அவன் வேலை போயிடும். என் பிள்ளையைக் காப்பாத்தினவனை நான் காட்டிக்கொடுக்கவா?"

ஹென்ரிக் சிமெயோனின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை நிறுத்தப் போறாங்களா? எனக்குத் தெரியாதுண்ணே!" அவர் ரைனரிடம் திரும்பினார். "பாதையோரம் லூசியா கழுதை வண்டியில வலியில துடிச்சுக்கிட்டிருந்தா ஐயா. பார்த்துட்டு எப்படிப் போறது? நான் திரும்பி வரும்போது மணி ஒண்ணு. பயந்துபோய்ப் பொய் சொன்னேன். என்னை நிறுத்துங்க."

"சிமெயோன் பழியை ஏத்துக்கிட்டார். ஆனா பொய் நேரத்தை எழுத அவர் மனசு ஒப்பலை" என்றார் ஒட்டிலி. "அந்தக் காலிக் கட்டம்தான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிச்சு."

ரைனர் தோலைச் சுருட்டிக் கையில் எடுத்தார். விருந்தாளியின் கூடாரத்துக்கு நடந்தார். கவெசேரி நகத்தைக் கடித்தார். திரும்பி வந்தபோது ரைனரின் நடையில் பழைய விறைப்பு இல்லை.

"முழுசும் சொன்னேன். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களான்னுதான் அந்த மனுஷன் முதல்ல கேட்டார். சுவத்துல மாட்ட கொம்பும் மண்டையோடும் போதுமாம்." ஹென்ரிக்கின் பக்கம் திரும்பினார். "ஹென்ரிக், அடுத்த தடவை வயர்லெஸ்ல ஒரு வார்த்தை சொல்லு. மானை நான் போய் எடுத்துட்டு வரேன். யாரும் வேலையை விட்டுப் போக வேண்டாம்."

ஒட்டிலி பதிவேட்டையும் பேனாவையும் சிமெயோனிடம் கொடுத்தார். அவர் காலிக் கட்டத்தில் 'மதியம் ஒன்று' என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது.

கவெசேரி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்: 'வலது பக்கம் முடி உதிர்ந்தது. பிள்ளை நலம். கர்த்தருக்கு நன்றி, ஹென்ரிக்குக்கும்.'