காலிக் கட்டிலின் மூச்சு

அந்த வார்டில் காலியாக இருந்தது ஜன்னலோரக் கட்டில் ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்த அம்மாவை வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே போட்டுவைத்திருந்தார்கள். மத்தியானம் முழுக்க அவள் அங்கேயே முனகிக்கொண்டு கிடந்தாள்.

"அந்தக் கட்டில் மட்டும் வேண்டாம் சார்," என்றாள் நர்ஸ். "ஆளே இல்லாம மெஷின் தானா முழிச்சுக்குது. மூச்சு காட்டுது."

மகனுக்குச் சிரிப்பு வந்தது. தலைமாட்டுச் சுவரில் இருந்த அந்த மெஷினுக்கு மென்பொருள் எழுதியதே அவன்தான். மெத்தைக்கு அடியில் ஒரு பட்டை இருக்கும். படுத்திருப்பவரின் எடையையும் மூச்சையும் அது உணரும். கட்டில் காலியானால் மெஷின் தன் விளக்கு, மணி, மூச்சு அளப்பது என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுத் தூங்கப் போகும். எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்திருந்து, யாராவது படுத்ததும் விழித்து, எல்லாவற்றையும் பழையபடி ஓட விடும்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல சிஸ்டர். மெத்தை லேசா அழுந்தினாலே முழிச்சுக்கும். தூங்குறதுக்கு முன்னாடி இருந்த மூச்சையே முழிச்சதும் காட்டுது. புதுசா அளக்கச் சொல்ல மறந்துட்டேன். அவ்வளவுதான்."

லேப்டாப்பை இணைத்தான், திருத்தினான், மெஷினைத் தூங்க வைத்தான். விளக்கு அணைந்தது. மருந்து நெடியோடு எங்கிருந்தோ ஈரத்துணி வாடையும் வந்தது.

மெஷினின் திரை தானாக விழித்தது.

புதிதாக அளந்த மூச்சு. கோடு நிதானமாக ஏறி, இறங்கியது.

மெத்தையைத் தொட்டுப் பார்த்தான். ஒரு பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஆனால் வராந்தாவில் அம்மா வலியில் கத்தினாள். வேறு கட்டிலும் இல்லை. வேலையில் இதுவரை செய்யாத காரியத்தைச் செய்தான். விழித்ததும் மற்றதெல்லாம் ஓடட்டும், மூச்சு அளப்பது மட்டும் வேண்டாம் என்று எழுதிவிட்டான். திரையில் அந்தக் கோடு காணாமல் போயிற்று.

"சரியாயிடுச்சு சிஸ்டர்," என்றான் வாய் கூசாமல்.

அம்மாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். கொஞ்ச நேரம் நிம்மதியாகத்தான் படுத்திருந்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பக்கத்துல இருக்கறவங்களைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுடா. இடமே பத்தல."

அவன் நர்ஸ் பக்கம் திரும்பினான்.

"தூக்குங்க சிஸ்டர். இப்பவே தூக்குங்க."

அம்மாவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சரை மறுபடி வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வந்து, தன் கைங்கரியத்தையெல்லாம் அழித்து, மூச்சு அளப்பதைப் பழையபடி ஓட விட்டான். திரையில் கோடு அசையவில்லை. மெஷின் எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்திவிட்டுத் தூங்கியது. காத்திருந்தான்.

விழிக்கவில்லை.

"இவ்வளவு நேரம் அது தூங்கினதே இல்ல சார்," என்று நர்ஸ் கிசுகிசுத்தாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டே வராந்தாவுக்கு வந்தான்.

அந்தக் குறுகலான ஸ்ட்ரெச்சரில் அம்மா, தூக்கத்திலேயே, மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தாள்.