படகில் கிடந்த செருப்பு

தனபாக்கியம் அழவில்லை. அதுவே மூஸாவுக்கு என்னவோ செய்தது. நாகப்பட்டினத்தில் துப்பறியும் நிலையம் வைத்திருந்த இருதயசாமிக்குக் கார் ஓட்டுவது, டீ வாங்குவது, எல்லோரையும் சந்தேகப்படுவது எல்லாம் மூஸாதான். நாற்பது வயதாகியும் கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் மூஸாவுக்குச் சோறு இறங்காது.

"சங்குத்துறையில கடைசி வீடு எங்களுது அய்யா. மத்தவங்க ரிசார்ட்டுக்கு எடத்தைக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு மாட்டேன்னாரு. போன வாரம் படகு மட்டும் ஒதுங்குச்சு, அப்புறம் அவரு ஒதுங்குனாரு. குடிச்சுட்டு விழுந்துட்டாருன்னு போலீசு மூடிட்டாங்க. நாளைக்கு ரிசார்ட்டுக்காரங்க எங்க எடத்துல வேலி போட வர்றாங்க."

"படகை மொதல்ல பாத்தது யாரும்மா?" என்று கேட்டார் இருதயசாமி.

"நான்தான்." குரல் இறங்கியது. "சொல்லவே வெக்கமா இருக்கு. அவரு செருப்பு படகுக்குள்ள கெடந்துச்சு. செருப்போட ஏறுனா கடலம்மா பொறுப்பாளா? யாரு கண்ணுலயும் படுறதுக்குள்ள எடுத்துட்டேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

இருவரும் ரிசார்ட்டுக்குப் போனார்கள். மீன் ஏலம் போட்ட மணலில் இப்போது நீச்சல் குளம் இருந்தது. வரவேற்பறையில் ஒரு கட்டுமரத்தை நிறுத்திவைத்துப் பூச்செடி வளர்த்திருந்தார்கள். மூஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளி துரைராசு மிராசுதார் வீட்டுப் பிள்ளை. நில உச்சவரம்புச் சட்டத்தில் போன நஞ்சையைக் கடற்கரையில் பிடிக்க வந்தவர். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கொடி அவர் காரில் பறக்கும். அன்று இன்ஸ்பெக்டர் அவரோடு உட்கார்ந்து இறால் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா புருஷன் காயாரோகணம் நல்ல மனுஷன்ங்க," என்றார் துரைராசு. "போதையில செருப்பைக்கூட படகுலயே விட்டுட்டுல்ல விழுந்திருக்காரு, பாவம்."

இருதயசாமி கும்பிடு போட்டுவிட்டு எழுந்துவிட்டார். தனபாக்கியத்தின் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"செருப்பு கெடந்தது இந்தம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும் மூஸா. அந்தாளுக்கு எப்படித் தெரிஞ்சுது? அங்க வச்சவனுக்குத்தான் தெரியும். கடலுக்குப் போறவங்க செருப்பைக் கரையிலேயே விட்டுருவாங்க. வயக்காட்டுக்காரருக்கு அது தெரியல. காயாரோகணம் தானா ஏறிப் போன மாதிரி காட்டணும்னு உள்ள போட்டுட்டாரு."

"அப்ப எங்க வீட்டுக்காரரு தப்பு பண்ணலையா அய்யா?"

"பண்ணலம்மா. அவரைக் கொன்னுதான் படகுல போட்டிருக்காங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். மூஸா தொடையில் ஓங்கித் தட்டினார். "கொலைக் கேஸுன்னா வேலியாவது ஒண்ணாவது! அந்தச் செருப்பைக் குடுங்கக்கா."

"கடல்ல வீசிட்டேனே தம்பி."

"படகு?" என்றார் இருதயசாமி.

"தீட்டுப் பட்டுடுச்சுன்னு மஞ்சத்தண்ணி ஊத்தி நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன். உள்ள செவப்பா இருந்துச்சு. மீன் ரத்தம்னு நெனச்சேன்."

இனி இருப்பது துரைராசு வாய்தவறிச் சொன்ன ஒரு பேச்சு மட்டும்தான். கூடவே இருந்து கேட்ட இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

தனபாக்கியம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அந்தப் பாவியை நானே காப்பாத்தி விட்டுட்டேனா அய்யா?"

"இல்லம்மா," என்றார் இருதயசாமி. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.