தொண்ணூற்றெட்டில் நின்ற மீட்டர்

அழைப்பு மணியை அழுத்தியவள் விரலை எடுக்க மறந்துவிட்டாள். கொழுந்தன் ஓடிப்போய்க் கதவைத் திறந்த பிறகும் மணி அலறிக்கொண்டுதான் இருந்தது.

“வக்கீலம்மா இருக்காங்களா? என் வீட்டுக்காரரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க.”

நீதிமன்றத்தை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வெகுகாலம் ஆகியும் அண்ணிக்குத் தெருவில் வக்கீலம்மா என்ற பெயர்தான். கதவைத் திறந்த கொழுந்தன், அதாவது கணவனின் தம்பி, அவளுக்கு உதவியாள். எந்த வழக்கையும் காபி ஆறுவதற்குள் முடித்துவிடத் துடிப்பவன்.

வந்தவள் விம்மலுக்கு நடுவே சொன்னது இது. அவள் கணவன் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடையில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மாலை, ஷட்டர் இறக்கிய கடைக்குள், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காரில் முதலாளி மயங்கிக் கிடந்தார். நெஞ்சு நிறையப் புகை. ரத்தத்தில் தூக்க மருந்து. இன்னும் நினைவு திரும்பவில்லை. காருக்குள் சத்தத்தை அளக்கும் மீட்டர் கட்டியிருந்தது. அளப்பது மெக்கானிக்கின் வேலை. ஆகவே கடைசியாக அங்கே இருந்தவன் அவன்தான் என்று போலீஸ் முடிவு செய்துவிட்டது.

“மீட்டரை அலமாரியில வெச்சுட்டு மத்தியானமே வந்துட்டாரும்மா. நான்தான் சோறு போட்டேன். பொண்டாட்டி சொன்னா எடுபடாதாமே?”

“முதலாளி பிழைக்கலேன்னா கொலைக் கேஸ்தான்” என்று ஆரம்பித்த கொழுந்தன், அண்ணியின் பார்வை பட்டு அடங்கினான்.

“ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் யார் இருக்காங்க?” என்று வக்கீலம்மா கேட்டாள்.

“மச்சினர்தான். முதலாளியம்மாவோட தம்பி. ராத்திரி பூரா கண்ணு மூடாம உக்காந்திருக்காரு, பாவம்.”

வக்கீலம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடையில் பசையும் ரப்பரும் கலந்து நாறின. நடுவில் அந்தக் கார், நான்கு கதவும் திறந்து, உள்ளே இருட்டாக நின்றது. பழகிய இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை நீட்டினார். முன்சீட்டின் தலைப்பக்கத்தில் மீட்டரைக் கட்டியிருந்தார்கள். அதிகபட்ச சத்தத்தைப் பிடித்துவைக்கும் அதன் முகத்தில் தொண்ணூற்றெட்டு என்ற எண். கீழே ‘ஏ’, ‘சி’ என்று இரண்டு பக்கமும் தள்ளக்கூடிய சின்ன சுவிட்ச், ‘ஏ’ பக்கம் தள்ளியிருந்தது.

“பக்கத்து டயர்க் கடைக்காரருக்கு விட்டு விட்டு ‘ம்ம்ம்’னு கேட்டிருக்கு. ஸ்பீக்கர் சோதனை நடந்தா யாரும் ஷட்டரைத் தூக்க மாட்டாங்களாம். அதனால எட்டிப் பாக்கலை” என்றார் இன்ஸ்பெக்டர். “கடைச் சாவி மூணே பேர்கிட்ட. முதலாளி, மெக்கானிக், இவரு.”

இவர் என்றது, கடையைத் திறந்துவிட ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மச்சினரை. மில்லில் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி. சலவைச் சட்டை, தூங்காத கண்கள், தோளில் ஒரு பை. பையிலிருந்து பிளாஸ்க்கின் மூடி எட்டிப் பார்த்தது.

“சீக்கிரம் முடிச்சா நல்லது மேடம். இன்னிக்கு ராத்திரி கண் திறக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. திறந்தா எங்க அத்தான் முதல்ல டீதான் கேப்பாரு.”

வக்கீலம்மா மேஜையிலிருந்த மீட்டரைப் புரட்டினாள். கொழுந்தன் மட்டும் பார்த்தான், அவள் சுவிட்சை ‘சி’ பக்கம் தள்ளியதை.

“எனக்கு ரேடியோ போடவே தடுமாற்றம். வெளியே ஓடுற கம்ப்ரெசர் எவ்வளவு சத்தம்னு இதில் எப்படிப் பார்க்கிறது?”

“இதுகூடத்தான் மில்லுல எனக்குக் குடித்தனமே. குடுங்க.” வாங்கிய வேகத்தில் அவருடைய கட்டைவிரல் சுவிட்சை மறுபடி ‘ஏ’ பக்கம் தள்ளிவிட்டது. கருவியை அவள் காதோரம் பிடித்தார். “ஆள் காது எங்க இருக்கோ அங்கதான் அளக்கணும். எழுபத்தொண்ணு.”

“நன்றி சார். இன்ஸ்பெக்டர், வெளியே ஜீப்பில் இருக்கிற மெக்கானிக்கை இறங்கச் சொல்லுங்க.”

ஜீப்பிலிருந்து வந்தவன் வாசலிலேயே நின்றான். கூட வந்திருந்த மனைவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். வக்கீலம்மா மீட்டரைக் கொடுத்து, “வழக்கம்போல அளங்க” என்றாள்.

கருவி கைக்கு வந்ததும் நிமிர்ந்தான். சுவிட்சைப் பார்த்து, “எவன் ‘ஏ’ல வெச்சது?” என்று முணுமுணுத்து, ‘சி’க்குத் தள்ளினான். முன் கண்ணாடியின் அடியில் மீட்டரை ஒட்டினான். எல்லாக் கதவையும் சாத்தி, வெளியே நின்று ரிமோட்டை அழுத்தினான். ‘ம்ம்ம்’ என்ற ஒலி தரை வழியாக எல்லோர் முழங்காலுக்கும் ஏறியது. கண்ணாடிக்கு அப்பால் எண் நின்றது: நூற்று இருபத்தெட்டு.

“தொண்ணூத்தெட்டு வருமா?” என்று கேட்டாள் வக்கீலம்மா.

“இந்த வண்டியிலயா? அதுக்கு நான் மிக்ஸி ரிப்பேருக்குப் போயிருக்கலாமே! ‘ஏ’ல வெச்சா வரும்மா. ‘ஏ’ மனுசக் காது மாதிரி, ‘ம்ம்ம்’ங்கிற அடி ஒலியைப் பாதி முழுங்கிரும், ‘சி’ முழுசாக் காட்டும். எங்களுக்கு அடி ஒலிதான் பொழப்பு. முதலாளி அந்த சுவிட்சைத் தொட்டாலே கையில அடிப்பாரு. அளக்கும்போது உள்ள ஆளே உக்கார மாட்டோம்.”

வக்கீலம்மா திரும்பினாள். “மீட்டரைக் கட்டினவருக்குச் சத்தத்தை அளக்கத் தெரியும், காரை அளக்கத் தெரியாது. மெஷின் பக்கத்தில் நிற்கிற தொழிலாளி காதைக் காப்பாத்த அளந்து பழகினவர். காது உயரத்தில் கட்டினார், ‘ஏ’யில் வெச்சார். சாவி வெச்சிருந்த மூணு பேரில் ரெண்டு பேர் தூக்கத்தில்கூட அதைச் செய்ய மாட்டாங்க. சத்தம் கேக்கிற வரைக்கும் யாரும் ஷட்டரைத் தூக்க மாட்டாங்கன்னும் அவருக்குத் தெரியும்.”

“இந்த இடம் உங்க அக்கா பேர்லதானே சார்?” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. “மில்லுக்குக் கிடங்கா விடணும்னு நீங்க சொல்லி, அத்தான் ஒத்துக்கலையாமே?”

மச்சினர் சிரிக்கப் பார்த்தார். “ஒரு சுவிட்சுக்காகவா? நான் கெளம்பறேன். ராத்திரி என் முறை.”

“போங்க. ரத்தத்தில் தூக்க மருந்து இருந்ததே, அந்த பிளாஸ்க்கை மட்டும் வெச்சுட்டுப் போங்க” என்றாள் வக்கீலம்மா. “இல்லேன்னா இதிலிருந்து ஒரு டம்ளர் நீங்களே குடிங்க.”

கொழுந்தன் பையிலிருந்து பிளாஸ்க்கை உருவி, மூடியில் டீயை ஊற்றி நீட்டினான். ஆவி பறந்தது. மச்சினர் கைநீட்டவில்லை. ஆவி அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்ஸ்பெக்டர் இழுத்துப்போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப ராத்திரிக்கு அவர் பக்கத்துல யாரு?” என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். “நான்தான். டீயை நீ போட்டுக் குடு.”