கவசத்தின் எஜமான்

எலியின் தலை மட்டும் கிடந்தது. பூனையின் வேலை என்றுதான் ஆறுமுகநயினார் நினைத்தார். ஆனால் அது மீசை மயிர்கூட விடாமல் கழுவப்பட்டிருந்தது. காதில் ஒரு காகிதச் சீட்டு நூலால் கட்டியிருந்தது. எந்தப் பூனை சீட்டுக் கட்டும்?

கல்மண்டபத்தில் அவருக்குப் பழைய இரும்புக் கிடங்கு. யுத்தம் முடிந்து துறைமுகத்தில் ஏலம் போட்ட பெட்டிகளில் ஒன்றில், அந்தக் காலத்து ஜப்பான் போர்வீரனின் கவசமும் ஒரு மடக்கு நாற்காலியும் வந்திருந்தன. கவசத்தை மூலைக் கட்டையில் மாட்டி, எதிரே நாற்காலியை விரித்துப்போட்டு, தினமும் அதில்தான் காபி குடித்தார். சாக்கைக் கடித்த அந்த எலியை முந்தின நாள் திட்டியதும் அதில் உட்கார்ந்துதான்.

எடை போடும் மஜீது விடுப்பு முடிந்து அன்று மாலை வந்தான். சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தவன். நாற்காலியைக் கண்டதும் அவன் முகம் செத்துவிட்டது. சண்டைக்களத்தில் பிரபு அதில் உட்காருவாராம். சேவகன் எதிரியின் தலையை வெட்டி, கழுவி, முடி வாரி, பேர்ச்சீட்டுக் கட்டி அவர் முன்னால் வைப்பானாம்.

"அதுல குந்தாதீங்க மொதலாளி. குந்துனவருதான் அதுக்கு எஜமான்."

நயினார் நாற்காலியை விட்டுப் பின்வாங்கினார். மகள் ஆவுடையம்மாளைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய்த் திருவொற்றியூரில் குடியிருக்கும் ஜேக்கப்பை, அன்று மத்தியானம்தான் அதில் உட்கார்ந்து, பேர் சொல்லி, குடும்பத்தோடு நாசமாய்ப் போகட்டும் என்று வாய்க்கு வந்தபடி சபித்திருந்தார். எல்லாம் மகள் இல்லாத வீட்டில் சோறு இறங்காத ஆத்திரம்.

மூலையைப் பார்த்தார். கவசம் மாட்டிய கட்டை மொட்டையாக நின்றது.

மஜீதைச் சைக்கிளில் திருவொற்றியூருக்கு விரட்டினார். எஜமான் சொன்னால்தானே கேட்கும் என்று நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு வேண்டாம். அவன விட்டுரு."

கருவாட்டு வாடையும் துரு வாடையும் கலந்த இருட்டு, கிடங்கின் உள்ளே ஒவ்வொரு மூலையாக நிறைந்துகொண்டு வர, பின்முற்றத்தில் இரும்புச் செதில்கள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய சத்தம் கேட்டது.

பிறகு குழாய். யாரோ நிதானமாக எதையோ கழுவினார்கள்.

குழாய் நின்றது.

சீப்பு. நீளமான முடியில், மேலிருந்து கீழாக. வெகுநேரம்.

ஜேக்கப்புக்குக் கிராப்புத் தலை.

கதவு திறந்தது. கவசம் உள்ளே வந்து மண்டியிட்டது. அவர் காலடியில் இரண்டு துணி மூட்டைகளை வைத்தது. ஒன்றிலிருந்து ஈரப் பின்னல் நழுவி அவர் பாதத்தின் மேல் விழுந்தது.

உள்ளே ஒன்றுமில்லாத தலைக்கவசத்தைத் தாழ்த்தி, அடுத்த பேருக்காக அது காத்திருந்தது.