அடுப்பை அணைத்த பேச்சு

அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஐந்தாம் வகுப்பில் அவள் வாயைத் திறந்தால், மணி அடித்தால்தான் மூடுவாள். சில நாள் மணி அடித்தும் மூடமாட்டாள்.

அப்படிப்பட்டவள் பேச்சுப் போட்டியை விடுவாளா? தலைப்பு, 'தினமும் சூடான சாப்பாடு அவசியமா?' எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ரேடியோவுக்கு 'அவசியமில்லை' என்று வந்தது. நடுவராக வந்திருந்தவர், பள்ளிகளின் மதிய உணவைக் கவனிக்கும் அதிகாரி.

"யானை அடுப்பு மூட்டுதா? இல்ல! அதுக்காக ஒல்லியா இருக்கா? அதுவும் இல்ல!" என்று ரேடியோ ஆரம்பித்தாள். "ஐஸ்கிரீமை யாராவது சூடு பண்ணிக் குடுங்கன்னு கேப்பாங்களா? அடுப்பே இல்லன்னா கரி பிடிச்ச பாத்திரம் ஏது, தேய்க்கற வேலை ஏது?"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. சமையல் அக்காகூடக் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று சிரித்தார். ரேடியோவின் பக்கத்து இருக்கைக்காரி குருவி, கை சிவக்கத் தட்டினாள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிறிய நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு ரேடியோவுக்குத்தான். ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை.

மூன்று வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரேடியோ வழக்கம்போல் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"விலங்குகள் சமைத்து உண்பதில்லை என மாணவி ஒருவரே சுட்டிக்காட்டியுள்ளார். மாணவர்களின் இவ்விருப்பத்தை ஏற்று, நாளை முதல் சமையல் நிறுத்தப்பட்டு, உணவுப் பொட்டலங்கள் வழங்கப்படும்…"

கடைசி வரியை அவள் முணுமுணுத்துத்தான் முடித்தாள். பாருங்கள் இந்த அநியாயத்தை! ஒரு சின்னப் பெண் சீட்டு எடுத்துப் பேசியதைப் பெரிய மனிதர்கள் உத்தரவாகவே போட்டுவிட்டார்கள்.

அவள் சமையலறைக்கு ஓடினாள். அக்கா பெரிய பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சத்தியமா நான் சும்மாதான் பேசினேன்!"

"சும்மா பேசினதுக்கே அடுப்பு போச்சு. நிஜமா பேசியிருந்தா பள்ளிக்கூடமே போயிருக்கும்" என்றார் அக்கா. அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்காமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொட்டலத்தில் ஆறு பிஸ்கட், ஒரு கேக் துண்டு. முதல் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மூன்றாம் நாள் கேக் பல்லில் ஒட்டியது. இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே குளிர்காற்று வந்தது. பிஸ்கட் நமுத்துப்போய், கடித்தால் சத்தம்கூட வரவில்லை.

ஒருநாள் குருவி ஒரு தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆசிரியர் அறையில் கேட்டு வாங்கிய வெந்நீர். அதில் ஆறு பிஸ்கட்டையும் உடைத்துப் போட்டுக் கலக்கினாள்.

"ஐயே! என்னடி இது?" என்றாள் ரேடியோ.

"கூழ் மாதிரி இருக்கும். வயித்துக்குள்ள சூடா போகுதுல்ல?"

"வீட்டுக்குப் போய்ச் சூடா சாப்பிடேன்."

குருவி ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னாள். "அம்மா பஸ் கழுவற வேலைக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிடும். திரும்பி வந்தா நிக்கக்கூட முடியாது. எங்க வீட்டு அடுப்பு ஞாயித்துக்கிழமைதான் எரியும். மத்த நாள் எனக்கு இங்கதான் சாப்பாடு."

ரேடியோ தன் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்குடி அன்னைக்குக் கை தட்டின?"

"நீ நல்லா பேசினியே" என்றாள் குருவி.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ரேடியோ வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள்.

மறுநாள் நேரே தலைமை ஆசிரியையிடம் போனாள். "டீச்சர், மறுபடி சமைக்கச் சொல்லுங்க டீச்சர்."

"நீதானேம்மா வேண்டாம்னு பேசின?"

"எனக்கு வந்த சீட்டு அது, டீச்சர்!"

"அது எனக்குத் தெரியும். உத்தரவு போட்டவருக்குத் தெரியணுமே" என்று அவர் பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை வர்றார். பொட்டலத்தோட உங்களை போட்டோ எடுக்கணுமாம். நீதான் நன்றி சொல்லிப் பேசணுமாம்."

ரேடியோ அந்த மூன்று நாளும் பேச்சைக் குறைத்தாள். பேசுவதற்குப் பதில் கேட்டாள். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய், 'உங்க வீட்டுல தினமும் அடுப்பு எரியுமா?' என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அதிகாரி வந்தார். பின்னாலேயே அவருடைய டிரைவர், நான்கு அடுக்கு டப்பா ஒன்றைத் தூக்கி வந்து மேடை ஓரத்தில் வைத்தார். மூடி இடுக்கில் ஆவி வந்தது. அந்த வாசனைக்குக் கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

"எங்கே அந்த யானைப் பொண்ணு? வாம்மா, பேசு!" என்றார் அதிகாரி, வாயெல்லாம் பல்லாக.

ரேடியோ மேடை ஏறினாள்.

"சார், அன்னைக்கு எனக்கு 'அவசியமில்லை'ன்னு சீட்டு வந்துச்சு, அதைப் பேசினேன். 'அவசியம்'னு வந்திருந்தா அதைப் பேசியிருப்பேன். இன்னைக்குச் சீட்டு எடுக்காம பேசறேன்."

அவள் நோட்டைப் பிரித்தாள்.

"எங்க வகுப்புல முப்பத்தாறு பேர். அதுல பதிமூணு பேர் வீட்டுல தினமும் அடுப்பு எரியறதில்ல. நான் கேட்டு எழுதியிருக்கேன். பேர் சொல்லமாட்டேன், அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். எங்க வீட்டுல எரியுது. அதான் எனக்குத் தெரியாமப் போச்சு, சார். உங்க வீட்டுலயும் எரியுது. உங்க டப்பாவுல ஆவி வருது."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தன் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள். "நீங்க ஒரு வாரம் இதைச் சாப்பிட்டுப் பாருங்க, சார். அப்புறமும் போதும்னு தோணினா நான் நன்றி சொல்றேன்."

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. பொட்டலத்தை வாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார். "பார்க்கலாம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினார். போட்டோ எடுக்கவில்லை. அதிகப்பிரசங்கி என்று அன்று இரண்டு ஆசிரியர்கள் ரேடியோவைத் திட்டினார்கள். தலைமை ஆசிரியை திட்டவில்லை.

ஒரு மாதம் ஓடியது. புது உத்தரவு வந்தது. வாரத்தில் மூன்று நாள் சமையல், இரண்டு நாள் பொட்டலமாம். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொள்ளும் அழகே தனி. பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால் அவர்களுக்குக் கௌரவம் குறைந்துவிடும்!

ஆனாலும் புதன்கிழமை சமையலறையிலிருந்து புகை வந்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள். சமையல் அக்கா திரும்பி வந்திருந்தார். இத்தனை நாள் ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாராம். விரல்கள் ஊறி வெளுத்துப் போயிருந்தன.

ரேடியோ வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, இன்னும் கோபமா?"

"ஆமா, கோபம்தான். தட்டை நேரா பிடி, கையில ஊத்திக்காதே" என்றார் அக்கா. கரண்டி நிறைய அள்ளித்தான் போட்டார்.

சுடச்சுடச் சோறும் காயும். ரேடியோவுக்கு நாக்கு சுட்டது. பேசாமல் சாப்பிட்டாள். குருவி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் முறையும் தட்டை நீட்டினாள்.

"வயித்துல இடம் இருக்காடி?" என்றார் அக்கா.

"நாளைக்குப் பொட்டலம்தானேக்கா?" என்றாள் குருவி. "நாளைக்குச் சாப்பிட வேண்டியதையும் இன்னைக்கே போட்டுடுங்க."

அக்கா பானையைச் சாய்த்து, கரண்டியை அடிவரை விட்டு வழித்துப் போட்டார்.